சுளுக்குன்னு சொல்லாதே கண்ணு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. குறுவட்டப் போட்டிக்கு இன்னும் 12 நாள். கபடிப் பெண்கள் ஆறரைக்கே வந்து சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு முடித்திருந்தார்கள். எங்கள் பள்ளி கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில், வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் விளைகிற ஒரு ஊரில் இருக்கிறது. மைதானத்துக்கு வேலி கிடையாது. ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் சத்துணவுக் கூடம். ஏழு மணி இருக்கும், பாடி வந்தவளின் காலைப் பிடிக்கப் பாய்ந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "சுளுக்கிக்கிச்சுங்க மிஸ்" என்றாள். இன்னொருத்தி அதற்குள் என் அறைக்கு ஸ்ப்ரே எடுக்க ஓடிவிட்டாள். மூன்றாவது ஒருத்தி, "எங்க அமுச்சி நல்லா சுளுக்கு வழிப்பாங்க மிஸ், கூட்டிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். அமுச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்ற பாட்டி.

மூன்று பேருமே அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் சுளுக்கு என்ற அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே என்ன நோய், என்ன மருந்து, யார் வைத்தியர் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. அவள் காலை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியையாக வேலைக்கு வந்து 23 வருடம் ஆகிறது. அதில் 21 வருடமாக இந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை. அதற்குக் காரணம் ஒரு பெண்.

2004இல் நான் வேலை பார்த்த பள்ளியில் அவள் ஒன்பதாவது படித்தாள். இடது கார்னரில் நிற்பாள். இன்றுவரை அவளைப் போல ஒரு கார்னர் ஆட்டக்காரியை நான் பார்த்ததில்லை. எதிரணிப் பெண்ணின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே கால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவாள். ஒரு போட்டியில் துள்ளி இறங்கித் திரும்பியவள், யாரும் தொடாமலே விழுந்தாள். "உள்ளுக்குள்ள டப்புனு சத்தம் கேட்டுச்சுங்க மிஸ்" என்று என்னிடம் சொன்னாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதே வார்த்தைகள். அன்று பொழுதோடவே முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நான் என்ன சொன்னேன்? "சுளுக்குத்தான் கண்ணு, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றேன். வீட்டில் கொட்டமுத்து எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய், போட்டு வழித்தார்கள். புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டார்கள். ஒரு கட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் நானே அவளைக் களத்தில் இறக்கினேன். நாலாவது நிமிடத்தில் முட்டி விட்டுப்போய் மறுபடி விழுந்தாள். அதற்கப்புறம் நடக்கும்போதே முட்டி விட்டுப்போக ஆரம்பித்தது. இரண்டு வருடம் கழித்து கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு, ஏ.சி.எல்., அதாவது முட்டிக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கயிறு போன்ற ஜவ்வு, முழுவதுமாக அறுந்திருக்கிறது, முட்டிக்குள் இருக்கிற மெத்தை ஜவ்வும் சேர்ந்து கிழிந்திருக்கிறது என்று சொன்னாராம். அதற்குள் அவள் பள்ளியை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

இப்போது சந்தையில் எப்போதாவது அவளைப் பார்ப்பேன். பஸ் படியில் எப்போதும் வலது காலை முன்னால் வைத்து, இடது காலை இழுத்துக்கொண்டு ஏறுவாள். "நல்லா இருக்கீங்களா மிஸ்?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

அவள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். யாரும் தொடாமல் திரும்பும்போது விழுந்தது, உள்ளே டப்பென்று கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கியது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏ.சி.எல். என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தக் கயிறு அறும்போது மூட்டுக்குள் ரத்தம் கசிவதால்தான் வீக்கம் அவ்வளவு சீக்கிரம் வருகிறது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வு தெரியாது. எலும்பில் ஒன்றுமில்லை என்றால் காலில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியவில்லை. பட்டப்படிப்பில் ஒரு தாள் படித்திருந்தேன், பாஸும் செய்திருந்தேன். ஆனால் புத்தகத்தில் இருந்த வார்த்தையும் மைதானத்தில் அந்தப் பெண் சொன்ன வார்த்தையும் ஒன்றுதான் என்று என் தலையில் சேரவே இல்லை.

அந்த வருடம் ஒரு நோட்டு வாங்கினேன். பிள்ளைகள் வலியை எந்த வார்த்தையில் சொல்கிறார்கள் என்று ஒரு பக்கம். மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ கடைசியில் அதற்கு என்ன பேர் சொன்னார்கள் என்று எதிர்ப்பக்கம். இப்போது நாலாவது நோட்டு நடக்கிறது.

அந்த நோட்டுகளைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நம் பேச்சில் உடம்பின் உள்பாகங்களுக்குப் பேர் கம்மி, வலிக்குப் பேர் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. சுரீர்னு இழுத்துச்சு, சுருக்குனு குத்துது, விண்ணுவிண்ணுனு தெறிக்குது, கடுகடுங்குது, குடையுது, உளையுது, மதமதன்னு இருக்குது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. இதில் ஒவ்வொன்றும் வேறு வேறு வலி. ஒரு மருத்துவர் பத்துக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதை எங்கள் ஆத்தா ஒரே சொல்லில் சொல்லிவிடும். அப்படி இருந்தும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் பிள்ளைகள் அத்தனையையும் விழுங்கிவிட்டு, "சுளுக்குங்க" என்று முடித்துக்கொள்கிறார்கள். அவரும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் அணிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் ஆட்டம் கிடையாது. பாடம்தான். கறிக்கடையில் நாட்டுக்கோழிக் கால் நாலைந்து வாங்கிவந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். காலின் வெட்டுப்பட்ட இடத்தில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிற நாரைப் பிடித்து இழுத்தால் கோழி விரல்கள் மடங்கும். விட்டால் விரியும். அதுதான் தசைநாண். தசையை எலும்போடு கட்டுவது. நான் இப்படிச் சொல்வேன்: தசை மாடு, எலும்பு வண்டி, நடுவில் இருக்கிற பூட்டாங்கயிறு நாண். அப்புறம் மூட்டைப் பக்கவாட்டில் வளைத்துப் பார்க்கச் சொல்வேன். வளையாது. இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பட்டை அங்கே இருக்கிறது. அதைத்தான் லிகமெண்ட் என்கிறார்கள், நம் ஊரில் ஜவ்வு. அது எதையும் இழுக்காது. கதவில் கீல் மாதிரி, போகக் கூடாத பக்கம் மூட்டு போகாமல் பிடித்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வித்தியாசத்தில் இரண்டு சொல் இருக்கின்றன. ஸ்பிரெய்ன், ஸ்டிரெய்ன். முதலாவது ஜவ்வுக்கு வருவது. இரண்டாவது தசைக்கோ நாணுக்கோ வருவது. தமிழில் இரண்டையும் சுளுக்கு என்றே சொல்கிறோம். செய்தித்தாளில் இரண்டுக்குமே தசைநார் கிழிவு என்று போட்டுவிடுகிறார்கள். நாங்கள் எங்கள் மைதானத்தில் பேசி வைத்துக்கொண்டது இது: மூட்டில் வந்தால் ஜவ்வு இழுப்பு, தசையில் வந்தால் தசை இழுப்பு. இலக்கணமாக இது சரியா என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிறது, எனக்கு அது போதும்.

இரண்டுக்கும் மூன்று படி உண்டு. முதல் படியில் நார் இழுபட்டிருக்கும், கொஞ்சம் பிரிந்திருக்கும். இரண்டாவதில் பாதி கிழிந்திருக்கும். மூன்றாவதில் முழுவதும் அறுந்திருக்கும். மூன்றாம் படியில் சில நேரம் இரண்டாம் படியைவிட வலி குறைவாக இருக்கும். அறுந்த கயிற்றை யார் இழுக்கப் போகிறார்கள்? வலி கம்மியாக இருக்கிறது என்று மறுநாளே ஆட வருகிற பிள்ளையைப் பார்த்தால் அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்ப்ரேயை வாங்கிக் கீழே வைத்தேன். அது தோலைக் குளிரவைத்துக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். உள்ளே எதையும் ஒட்டவைக்காது. பார்க்கும் முன்னால் வலியை மறைத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பார்ப்பது? "பாதம் உள்பக்கம் மடங்குச்சா, வெளிப்பக்கமா?" என்று கேட்டேன். உள்பக்கம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பாதம் உள்ளே மடங்கும்போது வெளிப்பக்கத்து ஜவ்வுதான் இழுபடும். அதிலும் முன்னால் இருக்கிற பட்டைதான் முதலில் கிழியும். "சத்தம் கேட்டுச்சா?" இல்லை. "எப்படி வலிக்குது, சொல்லு சாமி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அசைக்காம இருந்தா விண்ணுவிண்ணுங்குதுங்க, உள்ள மடக்குனா சுரீருங்குதுங்க" என்றாள். ஜூன் மாதம் உட்கார்ந்து படித்த பிள்ளை.

அப்புறம் விரலால் தொட்டுப் பார்த்தேன். இதற்கு ஒரு முறை இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992இல் வெளியிட்டது. கணுக்கால் மடங்கி வருகிற எல்லோருக்கும் எக்ஸ்ரே தேவையா, தேவையில்லை என்றால் யாரைத் தைரியமாக அனுப்பலாம் என்று தெரிந்துகொள்ள அவர்கள் வகுத்த விதி. கணுக்காலின் இரண்டு பக்கமும் முண்டு தெரிகிறதல்லவா, அதன் பின்விளிம்பை நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்திப் பார்க்க வேண்டும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் நடுவில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பை அழுத்த வேண்டும். உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கிற எலும்பையும் அழுத்த வேண்டும். இந்த எலும்புகளில் எதை அழுத்தினாலும் துள்ளினால் எக்ஸ்ரே. அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே. நொண்டி நொண்டி வைத்தாலும் நாலு எட்டு நாலு எட்டுதான். இந்த விதி எலும்பு முறிவைத் தவறவிடுவது மிகவும் அரிது.

நான் மருத்துவர் இல்லை. எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்ல நான் இதைப் பயன்படுத்துவதில்லை, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்று வீட்டில் சொல்வதற்குத்தான் பயன்படுத்துகிறேன். வளர்கிற பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எலும்பு நீளுகிற இடத்தில், அதன் முனையருகே, குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கும். வளர்தட்டு என்று சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பல நேரம் அந்தத் தட்டைவிட ஜவ்வு பலமாக இருக்கும். பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிகிற அடியில் பிள்ளைகளுக்குத் தட்டு பெயர்ந்துவிடலாம். அதைச் சுளுக்கு என்று நினைத்து வழித்து இழுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவள் நாலு எட்டு வைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் வெளிமுண்டின் நுனியில் தொட்டபோது துள்ளினாள். அப்பாவுக்குப் போன் செய்தேன். பால் ஊற்றப் போயிருந்தவர் அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "சுளுக்குத்தானுங்க டீச்சர்? மஞ்சப்பத்துப் போட்டாப் போகாதுங்களா?" என்றார். "எலும்பு நுனியத் தொட்டா துள்றாளுங்க. இன்னிக்கே படம் எடுத்துப் பாத்துருங்க" என்றேன். சுளுக்கு இல்லை என்று நான் வாதாடவில்லை. எலும்பு நுனி என்று சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது. சரியான வார்த்தைக்கு அந்தப் பலம் உண்டு.

அவர் வருவதற்குள் பஸ் நிறுத்தத்து ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்து, கிரேப் பேண்டேஜ் கட்டி, காலை ஒரு செங்கல் அடுக்கின் மேல் தூக்கி வைத்தோம். இதற்கு ரைஸ் என்று பேர். ஓய்வு, ஐஸ், கட்டு, உயரத்தில் வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்தும் சேர்ந்தது. 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பேர். உலகத்தில் முதலுதவி சொல்லித்தருகிற இடமெல்லாம் பரவிவிட்டது. பிற்பாடு அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதி, தான் சொன்னதை மாற்றிக்கொண்டார். தன் பேரோடு சேர்ந்து பரவிய ஒன்றை, தவறு என்று தெரிந்ததும் தானே திருத்தினாரே, அந்த மனுஷன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஐஸ் வலியைக் குறைக்கும், அதற்காக முதல் நாள் கொஞ்சம் வைக்கலாம் என்று இப்போது புரிந்துகொண்டிருக்கிறோம். 2012இல் வேறு ஆய்வாளர்கள் ஓய்வு என்ற இடத்தை எடுத்துவிட்டு, அளவான பாரம் என்று சேர்த்தார்கள். காலைத் தூக்கி மூலையில் வைத்துவிடாதே, தாங்குகிற அளவுக்குப் பாரம் கொடுத்துக்கொண்டே வா, நார் ஆறும்போது இழுபடுகிற திசையிலேயே பின்னிக்கொள்ளும் என்பது அதன் அர்த்தம்.

முதல் மூன்று நாள் செய்யக் கூடாதவை என்று வேறு நான்கு உண்டு. சூடு, சாராயம், ஓட்டம், தேய்ப்பது. நம் ஊர் வழக்கத்தில் முதல் நாளே நடப்பது சூடும் தேய்ப்பும்தான். வெந்நீர் ஊற்றி, எண்ணெய் போட்டு, கட்டை விரலால் அழுத்தி வழிப்பது. ரத்தம் கசிந்துகொண்டிருக்கிற இடத்தில் அதைச் செய்தால் கசிவு கூடும். அந்த அமுச்சிகளை நான் குறை சொல்ல மாட்டேன். கழுத்துப் பிடிப்புக்கும் முதுகுப் பிடிப்புக்கும் அவர்கள் கை வைத்தால் கிடைக்கிற சுகம் எனக்கே தெரியும். எங்கள் அமுச்சி காலில் பிறந்தவர், அதாவது பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர் என்று சொல்லி, சுற்றுவட்டாரத்தில் சுளுக்கு என்றால் அவர் காலால் நீவிவிடக் கூட்டிக்கொண்டு போவார்கள். தசை இறுகிக்கொண்டிருக்கும்போது அந்தக் கை மருந்து. மூட்டில் புதிதாகக் கிழிந்திருக்கும்போது அதே கை கெடுதல். அது எது, இது எது என்று பிரித்துச் சொல்லத்தான் இரண்டு வார்த்தை வேண்டும் என்கிறேன்.

சுளுக்குக்கு அடுத்து எனக்குப் பிடிக்காத வார்த்தை நரம்பு. "நரம்பு இழுத்துக்கிச்சு", "நரம்பு பெசகிக்கிச்சு", "நரம்பு மேல நரம்பு ஏறிக்கிச்சு." நாண், ஜவ்வு, தசை, ரத்தக்குழாய் எல்லாமே நம் பேச்சில் நரம்புதான். உண்மையில் நரம்புக்கு அடி என்றால் அது தன் பாஷையிலேயே சொல்லிவிடும். எறும்பு ஊரும், மதமதக்கும், கரண்ட் அடித்த மாதிரி தோளிலிருந்து விரல்வரை ஓடும். பிள்ளை அப்படிச் சொன்னால் நான் உடனே ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். பின்தொடையில் சுரீர் என்றால் அது பெரும்பாலும் தசை இழுப்பு. 100 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு முழு வேகத்தில் போகும்போது வரும், அப்படியே தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். அதே தொடையில் கல் மாதிரி இறுகி உருண்டுகொண்டு நின்றால் கொரக்களி. நீட்டிப் பிடித்தால் சில நிமிடத்தில் விட்டுவிடும். அதே தொடை மறுநாள் காலையில் இரண்டு பக்கமும் சேர்ந்து உளைந்தால் அது வேறு.

அந்த மூன்றாவதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடத்தில் முதல் தடவை நடவு நடப் போன பெண்ணைக் கேளுங்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் திண்ணையில் உட்கார முடியாது. மூன்றாம் நாள் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நாலாம் நாளிலிருந்து தானாகக் குறையும், அப்புறம் அந்தப் பட்டம் முழுக்க வராது. புத்தகத்தில் டோம்ஸ் என்று ஒரு பேர், தாமதமாக வரும் தசை வலி. பழக்கமில்லாத வேலையால், முக்கியமாகத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, நுண்ணிய சேதம் ஏற்பட்டு வருவது. லாக்டிக் அமிலம் தேங்கி வருகிறது என்று எனக்குப் படிப்பில் சொல்லித்தந்தார்கள். அது தவறு. ஓடி முடித்த ஒரு மணி நேரம் போல ஆனால் அது ரத்தத்திலிருந்து போய்விடும், மூன்றாம் நாள்வரை இருக்காது. இந்த வலிக்குப் பிள்ளைகளை நிறுத்த மாட்டேன். மெதுவாக ஓடவிடுவேன்.

முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு கட்டி தெரிகிறது, குதித்தால் வலிக்கிறது என்று ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் பதறிப்போய், எலும்பு வளருது, புற்றோ என்றெல்லாம் நினைத்துவிடுவார்கள். 1903இல் அமெரிக்காவில் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்தது இது. பிள்ளை மளமளவென்று வளரும்போது முன்தொடைத் தசையின் நாண், அது பிடித்திருக்கிற எலும்பு முனையை இழுத்துக்கொண்டே இருப்பதால் வருவது. மருத்துவர் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால் பயமில்லை. குதிப்பதைக் குறைத்துக்கொண்டால் வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் வலி போய்விடும், முண்டு மட்டும் சில பேருக்கு நிற்கும்.

அடுத்து நான் சொல்வதைப் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1500 மீட்டர் ஓடுகிற பெண் ஒருத்தி கீழ்க்கால் முன்எலும்பு குடைகிறது என்று வந்தாள். குடைச்சல் என்ற வார்த்தையைக் கேட்டால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். எலும்பின் உள்ஓரம் நெடுகப் பரவலாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட் என்று சொல்வார்கள், ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். இவளுக்கு ஒரு ரூபாய்க் காசு அகல இடத்தில் மட்டும், ராத்திரி படுத்தால்கூட. எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகும். தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். காலையில் சாப்பிடாமல் ஓட வருகிறாள், ராத்திரியும் எடை கூடிவிடும் என்று அரைவயிறு. வீட்டுக்குத் தூரமாகி நாலு மாதம் ஆகிறது. "நல்லதுதானேங்க மிஸ், தொந்தரவு இல்ல" என்றாள். அவள் அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

நல்லதில்லை. ஓடுகிற ஓட்டத்துக்கு உடம்புக்குள் போகிற சோறு போதாவிட்டால், உடம்பு முதலில் நிறுத்துகிறவற்றில் ஒன்று மாதவிடாய். அதோடு எலும்பைக் கெட்டிப்படுத்துகிற வேலையும் நின்றுபோகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்கென்று ஒரு பேரே வைத்தது, ரெட்-எஸ். விளையாட்டில் வருகிற ஆற்றல் பற்றாக்குறை என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன், ஆண் பிள்ளைகளுக்கும் வரும். அந்தப் பெண்ணுக்கு விரிசல்தான் என்று பிறகு உறுதியானது. இரண்டு மாதம் ஓடவில்லை. காலையில் கம்மங்கூழோ ராகிக் களியோ எதுவானாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று அணிக்கே சட்டம் போட்டேன். மாதாமாதம் தேதியைத் தாங்களே குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் அந்தப் பக்கத்தை நான் பார்க்க மாட்டேன். தள்ளிப்போனால் அவர்களே வந்து சொல்ல வேண்டும்.

தலையைப் பற்றி ஒரு வார்த்தை. கபடியில் தலையும் தலையும் முட்டிக்கொள்வது சாதாரணம். மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூளை அதிர்ச்சி வருகிற பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வராது. பிள்ளை எழுந்து நின்று, "ஒண்ணுமில்லீங்க, ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லும். அந்த ஒரு மாதிரிதான் மூளை சொல்கிற வார்த்தை. அதைக் கேட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை களத்துக்குள் காலை வைக்கக் கூடாது.

ஜவ்வு கிழிந்தது என்று தெரிந்த பிறகும் கத்தி வைக்கப் பயப்படுகிறவர்கள் இங்கே நிறைய. கத்தி வெச்சா காலு அவ்வளவுதான் என்பார்கள். சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜன் 2021 ஏப்ரலில் முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த வருடம் ஐ.பி.எல்.லில் 18 விக்கெட் எடுத்தாரே என்று அவர்களுக்குச் சொல்வேன். அவருக்கு வந்தது வேறு தொல்லையாகவே இருக்கட்டும். கத்தி வைத்த முட்டி ஓடி வந்து பந்து போட்டதை அவர்கள் டிவியில் பார்த்திருக்கிறார்கள் அல்லவா. ஏ.சி.எல். என்றால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆடக் கூடாது, அந்த ஒன்பது மாதமும் தினமும் பயிற்சி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஜவ்வு கிழிகிற வாய்ப்பு பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதனால் எங்கள் பெண்கள் தினமும் குதித்து இறங்கிப் பழகுகிறார்கள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்க வேண்டும். 2004இல் எனக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைக்காமல் ஒருநாளும் அந்தப் பயிற்சியை நடத்தியதில்லை.

சனிக்கிழமைப் பெண்ணுக்கு எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வளர்தட்டும் பத்திரம் என்றார் மருத்துவர். ஜவ்வு இழுப்பு, இரண்டாம் படி. குறுவட்டப் போட்டியில் அவள் ஆடவில்லை. அழுதாள். ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினாள். ஜவ்வுக்குள் மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற உணர்ச்சி முனைகள் இருக்கின்றன. கிழியும்போது அவையும் கெட்டுப்போவதால்தான் ஒருதடவை மடங்கிய கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு நல்ல வழி, ஒற்றைக் காலில் நின்று பழகுவது. முதலில் கண்ணைத் திறந்துகொண்டு, அப்புறம் மூடிக்கொண்டு.

இரண்டு வாரமாக வேப்பமரத்தடியில் தினமும் நிற்கிறாள். அடிபடாத காலில் கண்ணை மூடி 31 எண்ணும்வரை நிற்கிறாள். அடிபட்ட காலில் முதல் நாள் 4. நேற்றைக்கு 22.